மீர்பேங்க் பள்ளிக்கூடம்: தெற்கு டர்பன் பயணக் குறிப்புகள்

செவ்வாய் இரவு, மீர்பேங்க்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் நம்மவர்கள் கடற்கரை, விக்டோரியா தெரு மார்க்கெட், ஃபீனிக்ஸில் காந்தி இருந்த இடம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் வந்தது ஒரு தொடக்கப் பள்ளியைப் பார்க்க. பேர் செட்லர்ஸ் பிரைமரி ஸ்கூல். தெற்கு டர்பனில் மீர்பேங்க் என்ற பகுதியில் இருக்கிறது. பெரிய கட்டடம், பிரபலமான பழைய மாணவர் என்று பெருமையடிக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்வது ஒரே ஒரு எண்தான்: 52 சதவீதம். 2000-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் வந்து பரிசோதித்தபோது அந்தப் பள்ளியில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது.

ஒரு பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அந்தப் பள்ளி அங்கே எப்படி வந்தது, யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்ற கேள்வி வருமில்லையா? அதற்காகத்தான் இந்தப் பயணம்.

புது விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே. அங்கிருந்து தெற்கே மீர்பேங்க் வர ஐம்பது கிலோமீட்டர் போல ஆகிறது. பழைய விமான நிலையம் மீர்பேங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது, 2010-ல் மூடிவிட்டார்கள். தங்கியிருப்பது நண்பனின் பெரியம்மா வீட்டில். இங்கே எல்லோரும் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. ஆன்ட்டி ஸ்பிரிங்ஃபீல்ட் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, இதே வட்டாரத்தில் வேறொரு தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பேச்சு முழுக்க ஆங்கிலம். நடுநடுவே "சாப்பிடு தம்பி", "போதுமா?" என்று ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழ். இரவுச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் குழம்பும் சேப்பங்கிழங்கும். அந்தக் கிழங்குக்கு இங்கே மடும்பி என்று பேர், ஜூலு மக்களிடமிருந்து வந்தது.

படுக்கப் போகும்போது ஆன்ட்டி வந்து ஜன்னலைச் சாத்தினார். குளிருக்கு என்று நினைத்தால், "பழக்கம், அந்தக் காலத்துப் பழக்கம், இப்போ ஆலை ஓடலை, ஆனா கை தானா போகுது" என்றார்.

புதன்

காலையில் தெருக்களைச் சுற்றினோம். டிராவன்கூர் டிரைவ், நிஜாம் ரோடு, அலிப்பூர் ரோடு என்று பெயர்ப் பலகைகள். வீட்டு முற்றங்களில் துளசி, வாழை, வாசலில் சிவப்புக் கொடி கட்டிய மூங்கில். நம்ம ஊர்ப் புறநகர் ஒன்றில் நடப்பதாகவே தோன்றும், வானத்தைப் பார்க்கும் வரை. வடகிழக்கில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். தென்மேற்கில் இன்னொன்று. பக்கத்தில் காகித ஆலை.

இது தற்செயலாக அமைந்தது இல்லை. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1860 நவம்பர் 16-ல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள், அவர்களில் பெரும்பங்கு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து, அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் நிறையப் பேர் ஊர் திரும்பவில்லை. டர்பனுக்குத் தெற்கே கிளேர்வுட், மீர்பேங்க் பக்கம் சதுப்பாகக் கிடந்த நிலத்தை, வேறு யாருக்கும் வேண்டாத நிலத்தை, வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் கீரை, கத்தரி, மிளகாய் போட்டார்கள். நகரத்துக்குக் காய்கறி இங்கிருந்துதான் போனது. கோயில் கட்டினார்கள், கிளேர்வுட் சுப்பிரமணியர் கோயில் காவடி இன்றைக்கும் டர்பன் முழுக்கப் பேர் போனது.

1932-ல் நகர எல்லையை விரித்து இந்தப் பகுதிகளையெல்லாம் டர்பனுக்குள் சேர்த்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கம், சமதளம், ரயில் பாதை உண்டு, தொழிற்சாலைகளுக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று நகராட்சி கணக்குப் போட்டது. 1940-களில் வீட்டுத் திட்டம் என்ற பேரில் இந்தியர்களின் நிலத்தையே கையகப்படுத்தினார்கள். 1946-ல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் வந்தபோது டாக்டர் மான்டி நாயக்கர் தலைமையில் டர்பனில் அறப்போராட்டம் நடந்தது, இரண்டாயிரம் பேர் அளவில் சிறைக்குப் போனார்கள். நிற்கவில்லை. 1950-ல் குரூப் ஏரியாஸ் சட்டம். இனத்துக்கு ஒரு பகுதி. மீர்பேங்க் இந்தியர்களுக்கு. ஒட்டியிருக்கும் வென்ட்வொர்த் கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்கு. மேட்டில் கடல்காற்று வரும் பிளஃப் வெள்ளையர்களுக்கு. லமன்ட்வில் கறுப்பின மக்களுக்கு.

அந்தச் சட்டம் வந்த நாலே வருஷத்தில், 1954-ல், நாட்டின் முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வென்ட்வொர்த்தில் வந்தது. பிறகு மோபில் என்றும் அதற்கும் பிறகு எஞ்சென் என்றும் பேர் மாறியது அதுதான். 1963-ல் ஷெல்லும் பிபியும் சேர்ந்து சாப்ரெஃப் ஆலையைத் தென்மேற்கில் கட்டின, நாட்டிலேயே பெரியது. 1970-களின் தொடக்கத்தில் மோண்டி காகித ஆலை. இவற்றுக்கு நடுவில் குடும்பங்கள், குடும்பங்களுக்குப் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

ஆன்ட்டி சொன்ன ஒரு விவரம் எனக்குப் புரிய நேரம் எடுத்தது. டர்பனில் காற்று பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே அடிக்கும், ஒன்று வடகிழக்கிலிருந்து, இல்லை தென்மேற்கிலிருந்து. வடகிழக்குக் காற்று என்றால் எஞ்சென் புகை. திரும்பினால் சாப்ரெஃப் புகை. குளிர்கால இரவுகளில் காற்றே நின்று, பிளஃப் மேட்டுக்கும் மேற்கு மேடுகளுக்கும் நடுவில் புகை பள்ளத்திலேயே தங்கிவிடும். ஆலைகளை வைத்தவர்களுக்கு இந்தக் காற்று தெரியாதா? துறைமுக ஊர் அது, காற்றின் திசையைக் கணக்கில் எடுக்காமல் அங்கே எதுவும் நடக்காது.

வியாழன்

இன்று பள்ளிக்கூடம். முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்காததால் உள்ளே போகவில்லை, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதுதான் முறையும்கூட. வெளியே சாலையில் நின்று பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் எத்தனையோ பள்ளிகள் மாதிரியே நீளநீளமான கட்டடங்கள், விளையாட்டுத் திடல், கம்பி வேலி. இந்தியப் பகுதிப் பள்ளி என்று சட்டம் ஒதுக்கிய இடத்தில் இன்று ஜூலு பேசும் பிள்ளைகளும் இந்தியப் பிள்ளைகளும் ஒரே சீருடையில் ஓடுகிறார்கள். இங்கே நகராட்சியின் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று உண்டு. உலகத்தில் எத்தனை தொடக்கப் பள்ளிகளுக்கு இப்படி ஒரு சாமான் தேவைப்பட்டிருக்கும்?

இந்தியப் பிள்ளைகளின் பள்ளி வரலாறே இங்கே தனி. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் அரசு தானாக முன்வந்து கட்டிய இந்தியப் பள்ளிகள் ரொம்பக் குறைவு. ஊர்க்காரர்கள் காசு சேர்ப்பார்கள், ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்டு என்று அரசு போடும், அதற்குப் பேர் அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளி. கீரை விற்ற காசு, சலவைத் தொழிலாளியின் காசு, கோயில் உண்டியல் காசு. 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரிகூட, இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரி ஊர் ஊராகப் போய்ச் சமூகத்திடம் வசூலித்துக் கட்டியதுதான். இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஒரே வகுப்பறையில் இரண்டு ஷிஃப்ட் ஓடியது. ஆன்ட்டி சின்ன வயதில் மதிய ஷிஃப்ட். "வாசல்ல வெயில்ல நிப்போம், காலைப் பிள்ளைங்க வெளிய வந்ததும் அந்த பெஞ்சு சூடு ஆறாம நாங்க உக்காருவோம்" என்றார்.

1965-ல் தனிச் சட்டம் போட்டு இந்தியக் கல்வியை மாகாணத்திடமிருந்து எடுத்து, இந்தியர் விவகாரத் துறையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு 1953-லேயே பாண்டு கல்விச் சட்டம் வந்துவிட்டது, அது இதைவிடக் கொடுமை. 1975-76-ல் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு அரசு ஆண்டுக்கு 644 ராண்ட் செலவு செய்தது, இந்தியப் பிள்ளைக்கு 189, கலப்பினப் பிள்ளைக்கு 139, ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு 42. எங்கள் நிலைமை அவர்களைவிடப் பரவாயில்லை என்று சிலர் இங்கே இப்போதும் சொல்கிறார்கள். அந்த நாலு எண்ணையும் திட்டமிட்டு நாலாகப் பிரித்ததே மக்கள் இப்படிச் சொல்லிக்கொள்ளட்டும் என்றுதான் என்பது என் எண்ணம், ஆன்ட்டிக்கும் அதே எண்ணம்.

மதியம் வீட்டில் ஆன்ட்டி அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம், பக்கவாட்டில் அளவு எண்கள், அதன் மேல் நகரும் சின்ன சிவப்பு முள். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே ஊதாக ஊத வேண்டும், முள் எந்த எண்ணில் போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் மூச்சின் வேகம். அவருடைய பேரனுடையது. வாய் வைக்கும் இடத்தில் பல் பட்டுப் பட்டுச் சின்னச் சின்னக் குழிகள். குழாயின் உடம்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. சிவப்பில் முள் நின்றால் உடனே ஆஸ்பத்திரி. பேரனுக்கு ஆறு வயதிலேயே இதைத் தானாகப் படிக்கத் தெரியும் என்றார்.

செட்லர்ஸ் பள்ளியில் நடந்த ஆய்விலும் இதே வேலைதான். டர்பன் மருத்துவக் கல்லூரியும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தன. பிள்ளைகள் பள்ளி நேரத்தில் நாளைக்குப் பல தடவை கருவியில் ஊதுவார்கள், இருமல் வந்ததா, நெஞ்சு இறுகியதா என்று குறிப்பார்கள். அதே நேரம் பள்ளியில் காற்றின் அளவுகள் பதிவாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, காற்றில் மாசு கூடிய அடுத்த ஓரிரு நாளில் ஆஸ்துமா பிள்ளைகளின் மூச்சு அளவு இறங்கியது தெரிந்தது. அதுவரை கம்பெனிகள் சொன்ன பதில்கள் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மனப்பாடம்: வீட்டில் சாம்பிராணி போடுகிறீர்கள், பாய் தூசி, பரம்பரை நோய். ஒரு பள்ளி நிறையப் பிள்ளைகள் ஊதி ஊதி எழுதி வைத்த எண்களுக்கு முன்னால் அந்தப் பதில் எடுபடவில்லை. இந்தப் பள்ளியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை எதுவும் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளி

காரில் ஒரு சுற்று. பிளஃப் மேட்டில் ஏறி நின்றால் முழுப் பள்ளமும் தெரிகிறது: டாங்குகள், புகைபோக்கிகள், நடுவில் கூரை கூரையாக வீடுகள். வென்ட்வொர்த்தில் ஆலைக்குப் பக்கத்திலேயே ஆலன் டெய்லர் விடுதி இருந்தது. நேட்டால் பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் அல்லாத மருத்துவ மாணவர்களை அங்கேதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிக்கோ தங்கியிருந்தது அங்கே. கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தின் பேச்சுகள் பலவும் அந்தப் புகைக்குள் உட்கார்ந்து பேசியவைதான்.

செட்லர்ஸ் பள்ளி ஆய்வுக்குப் பிறகு, 2004-05-ல் இதே மாதிரி இன்னும் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள், ஏழு தொடக்கப் பள்ளிகளில். தெற்கே நாலு: பிளஃபில் ஒன்று, மீர்பேங்கில் ஒன்று, வென்ட்வொர்த்தில் ஒன்று, லமன்ட்வில்லில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வடக்கே மூன்று. நான்கு இனங்களுக்கு என்று வகுத்த நான்கு பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் ஒரே பட்டியலில் வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மழை பிடித்துக்கொண்டது, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஞாயிறு

நேற்று எழுதவில்லை, வீடு நிறைய விருந்தாளிகள். இன்று காலை கோயிலுக்குப் போய் வந்தோம். ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம். நம்ம ஊரில் பல இடங்களில் குறைந்துபோன விஷயம், இங்கே பெரிய பானையில் கொதிக்கிறது, வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஊற்றுகிறார்கள். பள்ளியில் தமிழுக்கு இடமில்லாத காலத்தில் தமிழ்ச் சங்கங்கள் மாலைப் பள்ளி நடத்தி அ, ஆ சொல்லிக்கொடுத்தன. ஆன்ட்டி படித்த தமிழ் அந்த மாலை வகுப்பில் படித்ததுதான்.

கூழ் வரிசையில் ஆன்ட்டியின் வயதுக்காரர் ஒருவர் 1995-ஐப் பற்றிச் சொன்னார். மண்டேலா அதிபராகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, எஞ்சென் ஆலையின் விரிவாக்கத்தைத் திறந்துவைக்க வந்தார். மீர்பேங்க், வென்ட்வொர்த் ஜனங்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வழியில் நின்றார்கள். கார் நின்றது. இறங்கி வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். பிறகு அரசும் ஆலைகளும் ஜனங்களும் உட்கார்ந்து பேச ஏற்பாடும் செய்தார். அங்கிளுக்கு அதில் இரண்டு மனசு: "நம்ம ஆளு, நம்ம ஓட்டுப் போட்ட ஆளு, அவர் திறக்க வந்ததுக்கு எதிரா நாங்க நிக்க வேண்டியிருந்துச்சு பாரு. கஷ்டமா இருந்துச்சு. ஆனா நின்னோம்."

அதற்குப் பிறகுதான் நாலு பகுதி மக்களையும் சேர்த்து தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி உருவானது. அதன் ஒருங்கிணைப்பாளர் டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2000-ல் ஒரு சாதாரண பிளாஸ்டிக் வாளியில் பையும் வால்வும் பொருத்திக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அரசு அளக்கவில்லை என்றால் நாங்களே அளக்கிறோம் என்று. அதே வருஷம் மெர்குரி நாளிதழ் மீர்பேங்க் பிள்ளைகளிடம் காணப்பட்ட ரத்தப் புற்றுநோயைப் பற்றித் தொடர் வெளியிட்டது. தெற்கு டர்பனுக்கு என்று அரசு ஒரு திட்டம் அறிவித்தது. கண்காணிப்பு நிலையங்கள் வந்தன, கந்தக டையாக்சைடு நிஜமாகவே குறைந்தது. 1965-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதில் 2004-ல் புதுக் காற்றுத் தரச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் அது, ஆனால் அதற்குப் பின்னால் இந்தத் தெருக்களின் பங்கு இருக்கிறது.

2020 டிசம்பர் 4 காலையில் எஞ்சென் ஆலையில் பெரிய வெடிப்பு. எதிரே இருந்த அடுக்குமாடி வீடுகளிலும் தீ பிடித்தது. அதன் பிறகு அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை, எண்ணெய்க் கிடங்காக மாற்ற முடிவெடுத்தார்கள். 2022-ல் சாப்ரெஃபும் நின்றது, அடுத்த மாதமே வந்த பெருவெள்ளத்தில் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. 2024-ல் அரசு நிறுவனம் ஒன்று அதை ஒரு ராண்டுக்கு வாங்கியது.

அப்படியென்றால் எல்லாம் முடிந்துவிட்டதா என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. வாங்கியவர்கள் மறுபடி ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேரன் இன்னும் ஆஸ்துமா பம்ப் இல்லாமல் வெளியே போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர், வேலை போய்விட்டது, திறந்தால் தேவலை என்கிறார். வேலை வேண்டுமா மூச்சு வேண்டுமா என்று ஏழைகளைப் பார்த்து மட்டும்தான் கேட்கிறார்கள், பிளஃப் மேட்டில் அந்தக் காலத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்கவில்லை என்றார் ஆன்ட்டி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இந்த வாரம் தெருக்காரர்கள் சேர்ந்து பேசப்போகிறார்களாம். நான் நாளைக் காலை சாட்ஸ்வொர்த் கிளம்புகிறேன், இருக்க முடியாது. ஆன்ட்டி ஒரு பள்ளி நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறார், வாத்தியார் கையெழுத்து, வரிசை எண் போட்டு. சாப்ரெஃப் ஆலை மண்ணுக்குள் அறுபது வருஷமாக இறங்கியிருப்பதை யார் சுத்தம் செய்வார்கள், அதற்கு ஷெல்லும் பிபியும் எவ்வளவு கொடுப்பார்கள். பள்ளிக் கண்காணிப்பு நிலையத்தின் அளவுகளை ஏன் தினமும் பள்ளி வாசலில் எழுதிப்போடக் கூடாது. இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு மறுபடியும் மூச்சுப் பரிசோதனை எப்போது.